முதல் பெயர்

காளியப்பனுக்குக் கடிதம் போய்விட்டது. மடிக்கணினியில் பெயருக்கு எதிரே பச்சையாக ஒரு சரிக்குறி விழுந்ததை, வாழைத்தண்டு நறுக்குகிற சாக்கில், கத்தியும் கையுமாக வசுமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மணி பத்து நாற்பது. அடுத்தது கந்தசாமி, அவருக்கு இன்னும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுதான் போகுமாம், அதைவிட வேகமாக அனுப்பினால் மெஷின் அனுப்புகிறது என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவானாம், ஒரு மனுஷி உட்கார்ந்து யோசித்து யோசித்து அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டுமாம். காலை எட்டு மணிக்குப் புருஷன் முரளியைச் சாப்பாட்டு டப்பாவோடு படியிறக்கி விட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தியபோது அவளுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் ரொம்பப் பிடித்திருந்தது. உத்தியோகம் பார்க்கிறவர்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வதற்கென்றே இருக்கிற அந்த இணையதளத்தில், அவளுடைய பழைய ஆபீஸ்காரர்கள் தொண்ணூறு பேர் இன்னும் அவளோடு தொடர்பில்தான் இருந்தார்கள். தொடர்பு என்று பெயர், பதினான்கு வருஷமாக ஒருத்தருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது வீட்டிலிருந்தே நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறாள், ஆள் வேண்டும், ஆளுக்குத் தெரிந்தவர்கள் வேண்டும், தொண்ணூறு பேரிடமும் குழைந்து குழைந்து எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது, அதற்குத்தான் கணினிக்குள் இந்த மெஷின். மாதிரி பார்க்கிறீர்களா என்று மெஷின் கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்தியதும் அந்தப் பொறுமையின்மைதான். முதல் பதில் வந்தது ஸ்டெல்லாவிடமிருந்து. ‘வசு மேடம், நல்லா இருக்கீங்களா? அப்பாவுக்குன்னு எழுதியிருக்கீங்களே. அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு மேடம்.’ இந்தப் பெண்ணுக்குக் கிறுக்கா என்றுதான் நினைத்தாள். பிறகு அனுப்பிய வரிசையைத் திறந்து பார்த்தாள். ஆரோக்கியசாமி, அருணகிரி, பக்கிரிசாமி, சின்னத்தம்பி, தேவசகாயம், ஏழுமலை, கணபதி, இருதயராஜ், ஜம்புலிங்கம். ஆபீசில் எந்த ஜம்புலிங்கமும் வேலை பார்த்ததில்லை. வாழைத்தண்டின் நார் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனது, வட்டம் வட்டமாக நறுக்க நறுக்க நார் வந்துகொண்டே இருந்தது, அவள் அதை உருவிப் போட மறந்து இங்கிலீஷ் எழுத்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளியப்பன் முடிந்தது. கந்தசாமி, கருணாகரன், கதிரேசன், கோதண்டபாணி, கிருஷ்ணமூர்த்தி, குழந்தைவேல், குமரேசன். குமரேசனுக்குக் கீழே குஞ்சிதபாதம். பதினொன்று இருபதுக்கு.

மெஷினைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஃபர்ஸ்ட் நேம் என்கிற கட்டத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை அன்போடு கூப்பிடு என்றால் கூப்பிடுகிறது. அந்தக் கட்டத்தில் அப்பாக்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார்? பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, குளிர் உறைக்கிற பயிற்சி அறையில், வெள்ளைப் பலகைக்கு முன்னால் நீல மார்க்கரோடு நின்று, எல்லாரும் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள் என்று விரட்டியவள் யார்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரனிடம் போய் நிற்காதீர்கள், விரித்து எழுதுங்கள். எது முன்னால் வருகிறதோ அது ஃபர்ஸ்ட் நேம், எது பின்னால் வருகிறதோ அது லாஸ்ட் நேம், இதில் என்ன குழப்பம்? அப்படியே கான்வென்டில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெர்னதெத்தின் குரல், அதே விறைப்பு, மறுபேச்சுக்கு இடம் வைக்காத மூக்கு. மறுபேச்சு பேசியது மதிவதனி ஒருத்திதான். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கையைக்கூடத் தூக்காமல், ‘ஏண்டி வசு, அப்ப அமெரிக்காக்காரன் என்னைக் குஞ்சிதபாதம், ஹவ் ஆர் யூன்னா கேப்பான்?’ என்றாள். அறை சிரித்தது. வசுமதி சிரிக்காமல், ‘கேக்கட்டுமே, உங்கப்பாவுக்குப் பெருமைதானே’ என்றாள். ‘அவருக்குப் பெருமை, எனக்கு மீசை முளைக்கும்’ என்று சொல்லிவிட்டு மதி எழுதினாள், தோழி சொன்னாளே என்பதற்காக எழுதினாள், குஞ்சிதபாதம் முதல் கட்டத்தில், மதிவதனி இரண்டாவதில். எல்லாரும் எழுதினார்கள். வசுமதியும் எழுதியிருந்தாள், கோவிந்தராஜுலு வசுமதி. அது இப்போதுதான் உறைத்தது. கடிதத்தின் அடியைப் போய்ப் பார்த்தாள். அன்புடன் கோவிந்தராஜுலு என்றிருந்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, பென்ஷன் வாங்கி இரண்டே வருஷத்தில் ஒரு ஆவணி மாதம் போய்ச் சேர்ந்த அப்பா, யாருக்கும் போஸ்ட் கார்டுக்கு மேல் எழுதாத அப்பா, காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருவராகச் செத்துப்போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கடிதத்தை மறுபடி படித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து இங்கிலீஷில் செதுக்கியது, தமிழில் சொன்னால் இப்படி வரும். அன்புள்ள இன்னாருக்கு, எத்தனை காலம் ஆயிற்று! போன வாரம் உங்களை நினைத்துக்கொண்டேன். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்? நாம் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாமா? பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா? பதில் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் இன்னொன்று போகும். உங்களுக்கு ஓய்வே இல்லை போலிருக்கிறது, பரவாயில்லை, காத்திருக்கிறேன். ஏழாம் நாள் கடைசியாக ஒன்று. இதற்குமேல் தொந்தரவு செய்யமாட்டேன், ஆனால் கதவு திறந்தே இருக்கும். மூன்றாம் நாள், ஏழாம் நாள். என்ன புத்தியில் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தாள்? மெஷின் கேட்டது, இவள் தட்டினாள், அவ்வளவுதான். நிறுத்து என்று அழுத்தினால், இன்றைய வரிசை முடிந்ததும் நிறுத்தப்படும் என்று பணிவாகச் சொன்னது. இன்றைய வரிசை தொண்ணூறு பேர். ஒரு பெயரை மட்டும் எடுக்க முயன்றாள், கணக்கையே மூட முயன்றாள், பாஸ்வேர்டை மாற்ற முயன்றாள், எந்தக் கதவைத் தட்டினாலும் ஓடிபி கேட்டது, ஓடிபி முரளியின் போனுக்குப் போனது. வீட்டில் கேஸ், கரண்ட், அவளுடைய ஆதார் எல்லாம் அவன் நம்பரில்தான் இருக்கிறது, அதே பழக்கத்தில் இதற்கும் அவன் நம்பரைக் கொடுத்திருந்தாள், சொந்தமாக ஒரு தொழில் தொடங்குகிறாளாம். போன் போட்டாள். ‘என்ன வசு, மீட்டிங்குக்குள்ள போயிட்டிருக்கேன்.’ ‘உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், படிங்க.’ ‘எதுக்கு?’ ‘எல்லாரோட அப்பாவுக்கும் லெட்டர் போயிட்டிருக்கு, நிறுத்தணும்.’ ‘யாரோட அப்பா?’ ‘எல்லாரோட அப்பாவும்தான், படிங்களேன்!’ அவன் நிதானமாகத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி, ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கேம்மா’ என்றான். ‘நான் யாரோவா?’ ‘அதுக்கில்ல, பேங்க்ல தினம் நூறு பேருக்கு இதைத்தான் சொல்லிட்டிருக்கோம்…’ கடைசியில் படித்தான், ஆறு எண், நடுவில் ஒன்பதா ஆறா என்று ஒரு சந்தேகம், அவள் தட்டி முடிப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்திருந்தது. மறுபடி கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. கந்தசாமிக்குப் போய்விட்டது. கருணாகரனுக்கும்.

மடிக்கணினியை மூடினாள். மூடினால் நின்றுவிடுமா என்ன, எழுந்து போய் டிவிக்குப் பின்னாலிருந்த வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள், பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது இந்த வீட்டில் நடக்கிற காரியமே இல்லை என்று புத்திக்கு எட்டியது. எங்கேயோ குளிர்ந்த ஒரு கட்டிடத்தில், விளக்குகள் மட்டும் மினுங்குகிற ஒரு அறையில், யாரும் உட்காராத நாற்காலியிலிருந்து அப்பா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒயரைத் திரும்பச் செருகினாள். உறையூரின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் பகல் பதினொரு மணி வெயில் பால்கனிக் கம்பிகளைத் தரையில் வரைந்திருந்தது, கீழே இஸ்திரிக்காரன் ரேடியோவில் யாரோ உரம் பற்றிப் பேசினார்கள், எல்லாம் அதது அதன் இடத்தில் இருந்தது, ஆனாலும் கூடத்தில் கூட்டமாக இருப்பது போலிருந்தது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை ஆண்கள் நிற்பார்களே, தோளில் துண்டோடு, ஒருவரோடொருவர் பேசாமல், கூப்பிட்டவரைத் தேடிக்கொண்டு, அந்த மாதிரி. ஜம்புலிங்கம் யார் அப்பா? பிரேமாவுடைய அப்பாவா, லாரி ஆபீசில் இருந்தவரா? சின்னத்தம்பி யார்? பிள்ளைகளின் முகம்தான் அவளுக்குத் தெரியும், இவர்களெல்லாம் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியுமாக அந்த முகங்களுக்கு முன்னால் இருபது முப்பது வருஷம் மடங்கி உட்கார்ந்திருந்தவர்கள். விரித்து எழுதுங்கள் என்று இவள் சொன்னாள், விரிந்துவிட்டார்கள். அடுத்த பதில் வந்தது, இருதயராஜின் மகன் அமல். ‘மேடம், அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். எண்பத்திரண்டு வயசு. எனக்கு யாருடா லெட்டர் போடறான்னு ஒரே குஷி. இன்டர்வியூவுக்கு பேன்ட் போடணுமா, வேட்டி போதுமான்னு கேக்கறார்.’ அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிறவர் ஒருவர். மற்றவர்கள்? ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு மகள், ஒரு மகன், ஆபீசில் கணினிக்கு முன்னால், கையில் டீயோடு, அப்பா பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள். கதிரேசனுக்குப் போனது. மணி பத்து ஐம்பத்தைந்து. ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம், அமலிடம் வேட்டி போதும் என்று சொல்லிவிடலாம், தொண்ணூறு பேருக்கும் நாளைக்குத் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிடலாம், அவர்கள் சிரித்துக்கொள்வார்கள், ஒரு ஆளைத் தவிர. அந்த ஆளுக்குப் போக இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

குஞ்சிதபாதம் போனில் பேசும்போது எப்போதும் முதலில் முழுப் பெயரையும் சொல்வார். மகளின் தோழியிடம் பேசினாலும் சரி, கேஸ் கம்பெனியில் பேசினாலும் சரி, ‘குஞ்சிதபாதம் பேசறேன்’ என்று ஆரம்பித்து, கேட்டதா என்று ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார். ‘குஞ்சிதபாதம் பேசறேன். வசும்மா, இந்த மதி இன்னும் வரலியே, உங்க ஆபீஸ்ல கடிகாரம் இருக்கா இல்லையா?’ தபாலாபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர், பெயரை முழுசாக எழுதாதவன்மேல் அவருக்கு நியாயமான ஒரு கோபம் இருந்தது. வசுமதியின் அப்பா போன அன்றைக்கு மதியோடு வந்தார், திருவானைக்காவலிலிருந்து பஸ் பிடித்து, குடையோடு. துக்க வீட்டில் எல்லாரும் உட்கார இடம் தேடியபோது அவர் மட்டும் கொல்லைக் குழாயடியில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார், சாயங்காலம் வரைக்கும், யாரும் சொல்லாமல். மதி மூன்று நாள் கூடவே இருந்தாள், காபி போட்டாள், அழுகிறவர்களை அதட்டினாள், வசுமதியின் தலையைத் தன் மடியில் வைத்துப் பேன் பார்க்கிற மாதிரி கோதிக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் ஏன் இப்போது? இதெல்லாம் எப்போதும்தான். நாலு வருஷமாகத் திருவானைக்காவல் பக்கம் போவதை அவள் தவிர்த்தாள், சமயபுரத்துக்குப் போனால்கூட பைபாஸ் வழியாகப் போகச் சொன்னாள், முரளி ஏன் என்று கேட்டதில்லை, கேட்காததற்காக அவனை அவள் மன்னிக்கவும் இல்லை. ஏனென்றால் அந்தக் காலையில் சொன்னவன் அவன்தான். கொரோனா இரண்டாவது அலை, மே மாதம், ஊரே மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது. அவனுடைய அண்ணன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாகத்தில் இருந்தார். ‘அண்ணன் ஒரே ஒரு பெட் பிடிச்சு வச்சிருக்கார் வசு, அம்மாவுக்கு ராத்திரி பூரா இருமல், எப்ப வேணும்னாலும் தேவைப்படும். யார் கேட்டாலும் நமக்கு அங்க யாரையும் தெரியாது, புரியுதா?’ புரிந்தது. அவள் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஜாதி இல்லை. மாமியாரின் இருமல் ஆடாதோடைக் கஷாயத்துக்கு இரண்டே நாளில் அடங்கியது. அந்தப் படுக்கை யாருக்குப் போனதென்று அவள் கேட்கவில்லை. மாமியார் இன்றைக்கும் பெங்களூரில் மகள் வீட்டில் திடமாக உட்கார்ந்து சீரியல் மாமியார்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், நன்றாக இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், அவள் இருமினாள் என்பதைத் தவிர அவள்மேல் என்ன குற்றம்?

மதி அன்றைக்கு மத்தியானம் கூப்பிட்டாள். இந்த இடத்துக்கு வந்ததும் வசுமதியின் புத்தி எப்போதும் செய்வதைச் செய்தது, வேறு பக்கம் திரும்பியது. போன் சார்ஜில் இருந்தது, உள்ளறையில். இல்லை, அவள் குளித்துக்கொண்டிருந்தாள், வெளியே போய்வந்தால் குளிக்க வேண்டும் என்று அப்போது சட்டம். இல்லை, மாமியார் கையில் இருந்தது, சத்தத்தை அணைத்துவைத்திருந்தாள். நாலு வருஷத்தில் அந்தப் பிற்பகலுக்கு அவள் நாலைந்து புடவை மாற்றிக் கட்டிவிட்டிருந்தாள், ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது, கட்டிய கொஞ்ச நேரத்துக்கு. அழைப்புக்குப் பிறகு வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது. திறந்தால் நீலக்குறி விழுந்துவிடும், படித்தது தெரிந்துவிடும் என்று, மேலே எட்டிப் பார்க்கிற அளவில், இழுத்துத் திறக்காமல் படித்தாள். ‘வசு ஒரு பெட் மட்டும், அப்பா ஆம்புலன்ஸ்ல’. அதற்குமேல் என்ன எழுதியிருந்தாள் என்று தெரியாது, அந்த இடத்தில் வரி வெட்டப்பட்டிருந்தது. இன்றுவரை திறக்கவில்லை. திறக்காத செய்தியை ஒதுக்கி வைக்கிற அறை ஒன்று போனிலேயே இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் ஆபீஸ்காரர்களின் குழுவில் யாரோ கைகூப்பும் படம் போட்டார்கள், வரிசையாக முப்பது கைகள் கூப்பின, முப்பத்தோராவதாக இவளும் ஒரு கை கூப்பினாள். துக்கம் கேட்கப் போகவில்லை. ஊரடங்கு என்று சொல்லிக்கொண்டாள், ஊரடங்கு விலகியது. பதினாறாம் நாள் கழியட்டும் என்றாள், கழிந்தது. வருஷ திதிக்குப் போகலாம் என்றாள். கோதண்டபாணிக்குப் போனது, கிருஷ்ணமூர்த்திக்குப் போனது. பதினொன்று ஐந்து. சரி, வந்தால் வரட்டுமே, மதி பார்த்தால் என்ன நினைப்பாள்? மெஷின் என்று தெரியாது அவளுக்கு. தோழி நாலு வருஷம் கழித்து அப்பாவுக்கு எழுதுகிறாள். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள், பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா. மனசறிந்து செய்த வக்கிரம் என்று நினைப்பாள். அல்லது மறந்தே போய்விட்டாள் இவள், அப்பா செத்ததுகூட நினைவில்லை என்று நினைப்பாள், அது இன்னும் மோசம். இரண்டில் எது என்று அவள் தீர்மானித்துக்கொண்ட பிறகு, அதற்கப்புறம் இந்த ஜன்மத்தில் அந்த வாசலுக்குப் போக முடியாது. இதுவரை போகவில்லைதான், ஆனால் போகலாம் என்று ஒன்று இருந்துகொண்டிருந்தது.

குழந்தைவேல், பதினொன்று பத்து. தடுக்க ஒரு வழி இருந்தது, அது காளியப்பன் காலத்திலிருந்தே தெரியும், தெரிந்துதான் ஓடிபி, வைஃபை, முரளி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். மெஷினுக்கு முன்னால் அவள் பேசிவிட வேண்டும். கான்வென்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் செய்த தப்பை ஃபாதரிடம் சொல்ல வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள், இந்துப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நீதிபோதனை, ஜன்னல் வழியாக இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று நிமிடம் உள்ளே இருந்துவிட்டு முகம் கழுவினாற்போல் வெளியே வருவார்கள், வந்ததும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடுவார்கள். அப்படி என்னதான் சொல்வார்கள் என்று இவளுக்கு எரிச்சலாக இருக்கும், பொறாமையும்தான். ஒரு தடவை ஃபிலோமினா சொன்னாள், ‘ஈஸிடீ, பொய் சொன்னேன், சண்டை போட்டேன்னு ரெண்டு சொன்னாப் போதும், ஃபாதர் மேலே கேக்கமாட்டார்.’ மதி கேட்பாள். மதி மேலே மேலே கேட்பாள், அவள் குணம் அது, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்காமல் கேட்பாள். விரலில் சுற்றிய நார் இறுகி நுனி வெளுத்திருந்தது. உருவி எறிந்தாள். மோரில் போட்ட வாழைத்தண்டு அடியில் கிடந்தது. குக்கர் கத்தியது, அணைத்தாள், கை துடைத்தாள், துடைத்த கையை மறுபடி துடைத்தாள். கூடத்தில் நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டது போலிருந்தது, குழாயடிப் பக்கம் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம் போலிருந்தது, மூன்றாம் மாடியில் ஏது குழாயடி. குமரேசனுக்குப் போனது. பதினொன்று பதினைந்து. இனி நடுவில் யாருமில்லை. போனில் அந்த ஒதுக்கிவைத்த அறைக்குப் போனாள், மதியின் பெயரைத் தொட்டாள், நாலு வருஷத்து வரி திறந்துகொள்ளப் பார்த்தது, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு அழைக்கிற குறியை அழுத்தினாள். எடுக்கமாட்டாள். எடுக்காவிட்டால் நல்லது, கூப்பிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டாள்.

“சொல்லு.”

குரல் தடித்திருந்தது. பின்னால் ஒரு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“மதி, நான்தான்…”

“தெரியுது. நம்பரை நான் அழிக்கல.”

“இல்ல, ஒண்ணுமில்ல, உனக்கு ஒரு மெசேஜ் வரும். இப்ப, அஞ்சு நிமிஷத்துல. அதைத் திறக்காதே. நான் அனுப்பல, மெஷின் அனுப்புது, நான் ஒரு கோர்ஸ் ஆரம்பிச்சிருக்கேன், அதுக்கு… ஃபர்ஸ்ட் நேம் இருக்கில்ல, அதுல உங்கப்பா பேரு இருக்கு. அதனால அவருக்கு எழுதின மாதிரி வரும். அதுக்குத்தான். தப்பா எடுத்துக்காதே.”

மதி மூக்கால் லேசாகச் சிரித்தது கேட்டது.

“நீதானேடி அப்படி எழுதச் சொன்ன. மீசை முளைக்கும்னேன், கேட்டியா.”

“ஆமா.”

“வரட்டும். ரேஷன் கார்டுல அடிச்சாச்சு, பென்ஷன் புஸ்தகத்துல அடிச்சாச்சு, கரண்ட் பில்லுகூட என் பேருக்கு மாத்தியாச்சு. அவர் பேருக்கு ஒரு காயிதம் வந்து வருஷக்கணக்காச்சு. வரட்டும், என்ன இப்போ.”

வசுமதி உட்கார்ந்தாள். உட்கார்ந்தது நாற்காலியிலா, தரையிலா என்று கவனிக்கவில்லை, தரையில்தான். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. வைத்துவிடலாம். சரி மதி, வைக்கிறேன், அப்புறம் பேசறேன் என்றால் முடிந்தது, பேன்ட் வேண்டாம் வேட்டி போதும் என்று அமலுக்கு எழுதப் போகலாம்.

“இதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா?” என்றாள் மதி.

சார்ஜர், குளியலறை, மாமியார் கை, எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன, கட்டி மடித்துத் தயாராக.

“இல்ல” என்றாள் வசுமதி.

மதியின் பக்கம் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. மதி அதைப் பார்க்கப் போனதாகத் தெரியவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கு எங்க இருந்த நீ?”

“வீட்டுலதான்.”

“போன்?”

“கையில.”

“அடிச்சுதா?”

“அடிச்சுது. உன் பேரு வந்துது. பாத்துட்டே இருந்தேன் மதி. அது நிக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்.”

இத்தனை எளிதாக வெளியே வரக்கூடிய ஒன்றாகவா அது இத்தனை நாளும் உள்ளே கிடந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. காதோடு ஒட்டிய போனின் கண்ணாடி சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

“நான் நினைச்சேன்” என்றாள் மதி. “ஆம்புலன்ஸ்காரன் காத்திருக்கமாட்டேன்னுட்டான், அவரைக் கடைசியில ஆட்டோவுலதான் வச்சுக் கூட்டிட்டுப் போனோம். அதுல உக்காந்துக்கிட்டு நினைச்சேன், வசு பக்கத்துலதான் இருக்கா, எடுக்கலன்னு. அப்புறம் சீ, அப்படி இருக்காது, எதுலயோ இருந்திருப்பா, பார்த்திருந்தா எடுத்திருப்பான்னு நானே சொல்லிக்கிட்டேன். மூணு தடவை அடிச்சேன்டி.”

“நாலு” என்றாள் வசுமதி.